வாத்துக்காரிக்கு ஒரு கும்பிடு

தை அறுவடை முடிந்ததும் பண்ணையார் திருவேங்கடம் மடத்தில் அன்னதானம் செய்தார். ஐப்பசி வெள்ளத்தில் தன் சம்பாப் பயிர் தப்பினால் செய்வதாக நேர்ந்துகொண்டது.

இலைகளில் சோறு விழுந்தது. பண்ணையார் கைகூப்பி எழுந்தார்.

"எல்லாரும் உயிரோட இருக்கோம். அதுக்கு ஆண்டவனுக்கு நன்றி சொல்லிட்டுச் சாப்பிடுவோம்."

பந்தியில் எல்லாரும் கண்களை மூடினார்கள். ஆண்டியப்பன் மூடவில்லை.

ஆண்டியப்பனுக்கு ஐம்பது வயது. மடத்தின் குரு அருளம்பலர் அவனைவிடப் பத்து வயது இளையவர். ஐப்பசியில் ஏரிக்கரை உடைந்து கீழத்தெரு வெள்ளத்தில் போனபோது அவன் மனைவியும் மகளும் அதோடு போனார்கள். மூன்று மாதத்துக்கு முன் மடத்துக்கு வந்து சீடனாகச் சேர்ந்தான்.

பண்ணையார் அவனைக் கவனித்துவிட்டார்.

"ஆண்டியப்பா, உனக்குத்தான் முக்கியமாச் சொல்றேன். தெருவே போச்சு, உன்னைச் சாமி தூக்கி விட்டிருக்கார். கொடுத்து வெச்சவன் நீ. நன்றி சொல்லு."

ஆண்டியப்பன் இலையைக் காலால் தள்ளினான். சோறு தரையில் சிதறியது.

"எதுக்கு நன்றி? என் பொண்டாட்டியைக் கொண்டுபோனதுக்கா? என் மகளைக் கொண்டுபோனதுக்கா?"

"அன்னத்தை உதைக்கிறானே, பாவி" என்றார் மூத்த சீடர் ஒருவர்.

அவன் விறுவிறுவென்று வெளியேறினான். குரு தன் சோற்றைத் தொடவில்லை. இலையை மூடிவிட்டு அவன் பின்னால் போனார்.

கிணற்றடியில் ஆண்டியப்பன் தன் மாற்று வேட்டியைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"நான் போறேன் சாமி. இருக்கிறதை நினைச்சு மனசைத் தேத்திக்கோன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. எனக்கு என்ன இருக்கு? நன்றி வர மாட்டேங்குது."

"சோற்றின் மேல் உமக்கு என்ன கோபம்?"

"சோத்து மேல இல்ல." அவன் வேட்டியைக் கீழே போட்டான். "கரை தானா உடையல சாமி. பண்ணையார் வயலுக்குத் தண்ணி ஏறக் கூடாதுன்னு எங்க தெருப் பக்கமா வெட்டி விட்டாங்க. அவரே அரிக்கேன் விளக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். நான் என் கண்ணால பார்த்தேன்."

குருவின் முகம் சிவந்தது.

"இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை?"

"மடத்துக்கு வந்தவனுக்குக் கோபம் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."



"அது என் தப்பு" என்றார் குரு. பிறகு கேட்டார்: "உம்மை வெள்ளத்திலிருந்து தூக்கியது யார்?"

"சாமின்னு அவர்தான் சொல்றாரே."

"அவர் சொல்வதை விடும். உம்மைப் பிடித்து இழுத்த கை யாருடையது?"

"வாத்துக்காரி காத்தாயி. வெளியூர்லேர்ந்து வந்து இங்க வாத்து மேய்க்கிறவ. வாத்தை அடைச்சு வைக்கிற வலையை அவுத்து வீசி என்னை இழுத்தா. வலை போனதும் வாத்தெல்லாம் வெள்ளத்தோட போயிடுச்சு."

"அவளிடம் என்ன சொன்னீர்?"

ஆண்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏண்டி இழுத்தே, அவங்களோடயே போயிருப்பேனேன்னு வைதேன்."

"வாரும்" என்றார் குரு.

ஏரிக்கரைக்குப் பின்னால், கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் காத்தாயி உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்தாள்.

"மறுபடியும் வைய வந்தியாண்ணே?"

"தாயி" என்றான் அவன். கும்பிட்டான். கும்பிட்ட கையோடு மண்ணில் உட்கார்ந்து அழுதான். மூன்று மாதமாக அவன் அழுததில்லை.

அவன் அழுது ஓய்ந்ததும் காத்தாயி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"என்னால உன் பிழைப்பு போச்சே" என்றான்.

"போச்சுதான். தெனமும் வயிறு எரியுது. நாலஞ்சு வாத்து திரும்பி வந்துச்சு, முட்டையும் வெச்சிருக்கு. இந்தச் சனியனுங்க அடை காக்காது. அதான் ஒரு கோழியை இரவல் வாங்கி உக்கார வெச்சிருக்கேன்."

கூடையை லேசாகத் தூக்கிக் காட்டினாள். ஆண்டியப்பன் குனிந்து பார்த்தான். கோழி அவன் விரலில் நறுக்கென்று கொத்தியது. அவன் கையை உதறினான். காத்தாயி சிரித்துவிட்டாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. வந்ததை நம்ப முடியாதவன்போல் உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

அவள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"நாளைக்குத் தாசில்தார் விசாரிக்க வர்றார். கரை தானா உடைஞ்சுதுன்னு எழுதிக்கிட்டுப் போயிடுவார். வெட்டினதை நானும் பார்த்தேன், ஆனா வெளியூர்க்காரி, என் பேச்சு எடுபடாது. அதைப் பார்த்த ஆம்பளைங்க உன் தெருவுலயே இருக்காங்க. ஒருத்தன் வாயைத் திறக்கல. இவங்களுக்கெல்லாம் எப்படிண்ணே சோறு இறங்குது?"

"நான் சொல்றேன்" என்றான் ஆண்டியப்பன்.

மறுநாள் காலை குருவும் அவனும் ஊர்ச் சாவடிக்குப் போனார்கள். உள்ளே தாசில்தாருக்குப் பக்கத்து நாற்காலியில் பண்ணையார் இருந்தார். இருவரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் கீழத்தெரு ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சுவரோரமாகச் சத்தமில்லாமல் நின்றார்கள்.

ஆண்டியப்பன் படியில் கால் வைத்தான். பிறகு பின்வாங்கினான்.

"சாமி, நேத்து அவளைக் கும்பிட்டப்போ நெஞ்சு லேசாச்சு. இப்போ இவரைப் பார்த்ததும் உடம்பெல்லாம் பதறுது. இந்தக் கோபத்தோட எப்படிப் பேசுவேன்? கொஞ்சம் அடங்கட்டும். அப்புறம் போறேனே."

குரு சுவரோரம் நின்றவர்களைக் காட்டினார்.

"அவர்களுக்கெல்லாம் அடங்கிவிட்டது. நீர் உள்ளே போம்."