எறும்புகள் வழியில் நின்று சொல்லும் பெயர்

அந்தக் காலத்தில், ஊர்வனவும் பறப்பனவும் வாய்விட்டுப் பேசிய காலத்தில், எறும்புகளுக்கு ஆளுக்கொரு பெயர் இருந்தது. அது எப்படிப் பறிபோனது என்பதை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். அநியாயம் ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. படி போட்டுக்கொண்டு ஏறி வருகிறது.

முதலில் போனது உச்சிவெயில் ஓய்வு. அடுத்தது, இரையைக் கண்டவளே முதல் வாய் கடிக்கும் உரிமை. அதற்கடுத்து, செத்தவளைச் சுற்றி நின்று எல்லோரும் அவள் பெயரைச் சொல்லும் வழக்கம். கடைசியில் பெயரே போயிற்று. ஒவ்வொன்றைப் பறிக்கும்போதும் புற்றின் நன்மைக்காக என்றார்கள். முதலாவது போன அன்றே எதிர்த்துக் கேட்டிருந்தால் நான்காவதில் கை வைத்திருக்க மாட்டார்கள். யாரும் கேட்கவில்லை.

இவ்வளவுக்கும் யோசனை சொன்னவர் ஒரு மரவட்டை. ஒரு வருஷம் மழை ஓங்கி, சேர்த்து வைத்த தானியமெல்லாம் முளைவிட்டு வீணானது. புற்றை நடத்திவந்த பெருந்தலை எறும்பை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். அவள் பயந்துபோய், பட்டுப்போன மரத்தடியில் தனியாகக் குடியிருந்த மரவட்டையை அழைத்து வந்தாள். கூடி வாழ்ந்தே அறியாதவருக்குத்தான் கூட்டு வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

"என் உடம்பைப் பாருங்கள்," என்றார் மரவட்டை. "இத்தனை கால்கள். எந்தக் காலுக்காவது பெயர் உண்டா? ஒன்றாவது இடறுகிறதா? ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்கிறது, உடம்பு நகர்கிறது. நீ யார் என்று எவளும் கேட்கக் கூடாது. நீ எதற்கு என்று கேட்டால் போதும்."

பெரியக்காவுக்கு அது பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து சுமப்பவள் தூக்கி, மண் பறிப்பவள் தோண்டி, வாசலில் நிற்பவள் காவலி. ஒரு தூக்கி செத்தால் இன்னொரு தூக்கி.

அந்தத் தூக்கிகளில் ஒருத்தி குன்றி. அவளும் தும்பையும் ஒரே நாளில் முட்டை உடைத்து வந்தவர்கள். வரிசையில் முன்னும் பின்னுமாகவே நடந்தவர்கள். மேலே சொன்ன சட்டம் வந்த பிறகும், முன்னால் போகும் தும்பை ரகசியமாகத் திரும்பி, "ஏ குன்றி, இருக்கியா?" என்பாள். "இருக்கேன்டி" என்பாள் குன்றி. அந்த ஒரு கேள்விக்காகவே குன்றிக்குச் சுமை கனக்காது.

ஒரு நாள் தும்பை சுமையை இறக்கி வைத்துவிட்டுப் பெரியக்காவின் முன்னால் போய் நின்றாள்.

"பெரியக்கா, வரப்புல நண்டு வளை போட்டிருக்கு. தண்ணி கசியுது. நம்ம முட்டை அறை அதுக்கு நேர் கீழ இருக்கு."

"நீ எதுக்கு?"

"தூக்கி."

"தண்ணி வருதுன்னு சொல்றது காவலி வேலை. தூக்கி தூக்கினாப் போதும்."

"காவலிங்க எல்லாம் வாசல்ல நிக்கிறாங்க. தண்ணி வாசல்ல வந்து அனுமதி கேட்டுக்கிட்டா வரும், பெரியக்கா?"

வரிசை கிளுக்கென்று சிரித்தது. பெரியக்கா சிரிக்கவில்லை. "போய் வேலையைப் பாரு," என்றாள். காவலி ஒருத்தியை அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வாசலை விட்டு நகர்வது காவலியின் வேலை இல்லையே.

மறுநாள் கசிவு ஓடையாகிவிட்டது. இரை எடுக்கப் போனவர்கள் அக்கரையில் மாட்டிக்கொண்டார்கள். குறுக்கே கிடந்த சோளத்தட்டை ஒன்றுதான் வழி. அதன் நுனியோ நழுவிக்கொண்டிருந்தது. தும்பை பின்னங்கால்களைப் புல்வேரில் கோத்துக்கொண்டாள்.

"நான் இதைக் கடிச்சுப் பிடிக்கிறேன், நீங்க போங்கடி. கடிச்சா என்னால பேச முடியாது. அதுல உங்களுக்குத்தான் லாபம்."

எல்லோரும் அவள் தலையை மிதித்துக்கொண்டு கடந்தார்கள். கடைசியாகக் கடந்தவள் குன்றி. இக்கரை சேர்ந்து திரும்பிப் பார்த்தால் தட்டை இல்லை. புல்வேர் இல்லை. தும்பை இல்லை.

புற்று வாசலில் பெரியக்கா வந்தவர்களைப் பார்வையிட்டாள். "ஒரு தூக்கி குறையுது. தோண்டியில ஒருத்தி அந்த இடத்துக்கு வா. நடங்க."

தோண்டி ஒருத்தி வந்து குன்றிக்கு முன்னால் நின்றாள். வரிசை நகர்ந்தது. குன்றி காத்திருந்தாள். முன்னால் போனவள் திரும்பவில்லை. இருக்கியா என்று கேட்கவில்லை. அப்போதுதான் குன்றிக்குப் புரிந்தது. எடுத்து வைக்க உடல்கூட இல்லாதவளுக்குப் பெயர் ஒன்றுதான் மிச்சம். அதை இன்று சொல்லாவிட்டால் தும்பை என்று ஒருத்தி பிறக்கவே இல்லை என்றாகிவிடும்.

அவள் சுமையைக் கீழே போட்டாள். வரிசையை விட்டு விலகி, எதிர்த்திசையில் நடந்தாள். எதிரே வந்தவளை நிறுத்தி முகத்தோடு முகம் வைத்தாள்.

"தும்பை செத்துட்டா. வரப்பு ஓட்டையில. நம்மளக் கரை சேர்த்துட்டு."

அடுத்தவளை நிறுத்தினாள். அதையே சொன்னாள். அதற்கடுத்தவளிடமும். நின்றவளைப் பின்னால் வந்தவள் முட்டி நின்றாள், அவளுக்கும் குன்றி சொன்னாள். சட்டம் வந்த நாள்முதல் நிற்காத வரிசை நின்றது.

பெரியக்கா ஓடி வந்தாள். பின்னாலேயே மரவட்டையும் வந்தார்.

"ஒரு கால் போனதற்கு உடம்பு நிற்பதா?" என்றார் அவர், பரிவாகவே.

"ஐயா, உங்க கால்ல முள்ளு குத்தினா என்ன செய்வீங்க?"

"வலிக்கும். சுருண்டு கிடப்பேன்."

"தும்பை செத்தப்ப யாருக்கு வலிச்சுது? யாரு சுருண்டது? வலிக்காத உடம்புக்கு நாங்க எப்படி ஐயா கால் ஆவோம்?"

மரவட்டை குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பெரியக்கா காவலியைப் பார்த்துக் கத்தினாள்: "இவளைக் கடிச்சு வெளியே போடு!" புற்றை இழந்த எறும்பு ஒரு நாள்கூடத் தாங்காது. அது குன்றிக்கும் தெரியும். அவள் காலை ஊன்றி நின்றாள்.

காவலி வந்தாள். பெரிய தாடைகளை விரித்தாள். முகத்துக்கு நேரே வந்ததும் கேட்டாள்: "அவ பேரு என்னன்னு சொன்ன?"

"தும்பை."

"என் பேரு காரை," என்றாள் காவலி. "சொல்லி ரொம்ப நாளாச்சு." தாடைகளை மூடிக்கொண்டு அடுத்தவளிடம் திரும்பி, முகத்தோடு முகம் வைத்துத் தும்பை என்றாள்.

அதன்பின் பெரியக்காவின் சத்தம் யார் காதிலும் விழவில்லை. பெயரோடு வரப்பு ஓட்டையும் வாய்க்கு வாய் போயிற்று. கேட்டவர்கள் யார் வேலை என்று விசாரிக்காமல் முட்டைகளை மேட்டுக்குத் தூக்கினார்கள். தோண்டியும் தூக்கினாள், காவலியும் தூக்கினாள். பொழுது சாய வரப்பு உடைந்தது. தண்ணீர் காலி அறைக்குள் புகுந்து வெறுங்கையோடு திரும்பியது.

மேட்டில் மரவட்டை மெல்லக் குன்றியிடம் வந்தார். முகத்தில் பழைய தெளிவு திரும்பியிருந்தது. "பார்த்தாயா, பெயர் சொல்வதிலும் புற்றுக்கு ஒரு பயன் இருக்கிறது. எச்சரிக்கை! இதையும் ஒரு வேலையாக வகுத்துவிடலாம். பெயர்சொல்லி என்று ஒரு பிரிவு..."

"பயனுக்காகச் சொல்லல, ஐயா," என்றாள் குன்றி. "அவ இருந்தா. அதுக்காகச் சொன்னேன்."

சொல்லிக்கொண்டே தற்செயலாக அவர் காலைத் தொட்டாள். மரவட்டை சுருண்டுகொண்டார். இன்றும் தொட்டால் சுருள்கிறார்.

குன்றி ஒரு கல்லின் மேல் ஏறினாள். புற்றே சுற்றி நின்றது. தலையைக் குனிந்துகொண்டு பெரியக்காவும் ஓரமாக நின்றாள். அவளுக்கும் ஒரு காலத்தில் பெயர் இருந்தது. "எல்லாரும் சாட்சி," என்று சொல்லிக் குன்றி தும்பையின் பெயரை உரக்கச் சொன்னாள். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள்.

எறும்புகள் வழியில் நின்று தொட்டுக்கொள்வது இரைக்கு வழி விசாரிக்கத்தான், அதில் புற்றுக்கு இன்ன பயன் என்று படித்தவர்கள் எழுதுவார்கள். எழுதட்டும். அன்று முதல்தான், எவ்வளவு சுமை இருந்தாலும், எவ்வளவு அவசரம் ஆனாலும், எதிரெதிரே வரும் இரண்டு எறும்புகள் நின்று, முகத்தோடு முகம் வைத்து, ஒருத்தியை ஒருத்தி சாட்சியாக்கிச் சொல்லிவிட்டுப் போகின்றன: தும்பை.