குரங்கார் போட்ட வளைக் கணக்கு

ஒரு காட்டில், ஓடைக்கரையோரம், முள்ளம்பன்றி ஒருத்தி இரண்டு குட்டிகளோடு இருந்தாள். பிடிவாதக்காரி. தோண்டச் சொன்னால் தோண்டிக்கொண்டே இருப்பாள். கணக்கு என்று யாராவது பேச்செடுத்தால் மட்டும் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொள்ளும்.

ஒரு நாள் காலையில் அவளுடைய வளை பொலபொலவென்று இடிந்து விழுந்தது. அந்தப் பக்கம் எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேடேறிக்கொண்டிருந்தன.

"மூணு நாள்ல பெருமழை!" என்று சொல்லிக்கொண்டே ஓடின. நின்று பேசக்கூட அவற்றுக்கு நேரமில்லை.

மேட்டில் புது வளை தோண்ட வேண்டும். ஆறு முழ நீளம். ஒரு நாளைக்கு அவளால் ஒரு முழம்தான் முடியும். அதற்குள் மழை வந்தால் குட்டிகள் வெள்ளத்தில் போய்விடும்.

அப்போது பெருச்சாளி வந்தான்.

"அக்கா, இதை நான் தனியாத் தோண்டினாலே மூணு நாள்ல முடிச்சிடுவேன். நானும் சேர்ந்துக்கவா? எனக்கும் வீடில்லை. ஒரு மூலை கொடு, போதும்."

"வா தம்பி" என்று சொல்ல அவள் வாயெடுத்தாள்.

"நிறுத்து!" என்று கிளையிலிருந்து ஒரு குரல். குரங்கார். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தவர். அன்றிலிருந்து காட்டில் எல்லாருக்கும் அவர்தான் கணக்கு வாத்தியார். யாரும் கேட்கவில்லை, அவராகவே ஆகிக்கொண்டார்.

"உனக்கு ஆறு நாள். அவனுக்கு மூணு நாள். கூட்டிப் பார். ஒன்பது! அவனைச் சேர்த்தால் ஒன்பது நாள் இழுக்கும். விரட்டு அவனை!"

பயத்தில் அவளுக்கு அது சரியென்றே பட்டது. பெருச்சாளியை விரட்டிவிட்டாள். அவன் புதருக்கடியில் போய் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அன்று முழுக்க நகம் தேயத் தோண்டியும் ஒரு முழம்தான் ஆனது.

"ஐயா, வேகம் பத்தலையே. பத்துப் பேரைக் கூப்பிட்டா?"

"ஐயோ, மாசக்கணக்கில் ஆகும்!"

"அப்போ நானும் நிறுத்திட்டா?"

குரங்கார் விரலை மடக்கினார். "ஆறில் ஆறு போனால் ஒன்றுமில்லை. ஆகா! வேலை உடனே முடிந்துவிடும்!"

அவள் மேட்டைப் பார்த்தாள். மேடு சும்மா கிடந்தது.

"அட மண்டூகமே!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

முள்ளெல்லாம் நிற்க, புதருக்கு ஓடினாள். "தம்பி, தப்பு என்மேலதான். நாள் கணக்கை விடு. ஒரு நாளைக்கு எத்தனை முழம் தோண்டுவே?"

"ரெண்டு."

"நான் ஒண்ணு. சேர்ந்தா ஒரு நாளைக்கு மூணு முழம். மிச்சம் அஞ்சுதான். ரெண்டு நாள் போதும்டா!"

"ரெண்டு நாள்ல ஆறு முழம் வரும் அக்கா. ஒரு முழம் கூடுது."

"அதுதான் உன் மூலை. எழுந்திரு!"

மூன்றாம் நாள் மாலை அவர்கள் கடைசி மண்ணைத் தள்ளவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. குட்டிகள் உள்ளே சுருண்டு படுத்தன.

சொட்டச் சொட்ட நனைந்து குரங்கார் வாசலில் வந்து நின்றார். "எனக்கும் இடம் இருக்குமா?"

"நீங்க தோண்டினது எத்தனை முழம்?"

"ஒன்றுமில்லை."

"அதுல படுத்துக்கோங்க" என்றாள் முள்ளம்பன்றி.

நீதி: சேர்ந்து வேலை செய்யும்போது ஆளுக்கு ஆகும் நாட்களைக் கூட்டாதே, ஒரு நாளில் ஆளுக்கு நடக்கும் வேலையைக் கூட்டு.