வெறுஞ்சட்டி திருப்பித் தராத ஊர்

ஒரே ஒரு ஊரு இருந்துச்சாம், அதுக்கு மூணு பக்கம் ஆறு, நாலாவது பக்கம் கரடு, அந்த ஊர்ல ரொம்ப மரியாதைப்பட்ட சனங்க இருந்தாங்களாம். ஊரு பேரு ஓடக்கரை. அவங்க மரியாதை இருக்கே, அது இந்தக் கதை முடியறதுக்குள்ள எனக்குக் கோவத்த வரவச்சிரும், இப்பவே சொல்லிட்டேன். எல்லாரும் உம் கொட்டுங்க. யாரு உம் கொட்டலையோ அவங்கதான் அடுப்படியில கெடக்கற எதிர்வீட்டுச் சட்டியக் கழுவணும்.

ஒரு ஐப்பசியில மழை பெய்யுது பெய்யுது, நிக்கவே இல்ல. ஆறு கரைய ஒடச்சு, வயலுக்குள்ள வந்து, அப்புறம் தெருவுக்குள்ள வந்து, அப்புறம் வீட்டுக்குள்ளயே வந்துருச்சு. சனங்க கோயில் மேட்டுல ஏறித் தப்பிச்சாங்க. தண்ணி வடிஞ்சப்பறம் இறங்கிப் பாத்தா நெல்லு இல்ல, அடுப்பு இல்ல, ஒரு கிண்ணம் கூட இல்ல. வீட்டுக்கு வீடு முழங்கால் அளவு சேறு, அது மட்டுந்தான் மிச்சம்.

நனையாத வீடு ஒண்ணே ஒண்ணு. அது பண்ணையார் பொன்னுரங்கத்தோட வீடு. மேட்டுல இருந்துச்சு, களஞ்சியத்துல நெல்லும் நெறைய இருந்துச்சு. குடுத்தாரா? குடுப்பாரா! கதவச் சாத்திக்கிட்டு, "எனக்கும் கஷ்டந்தான்ப்பா" ன்னு ஜன்னல் வழியா சொன்னாரு.

அந்த ஊர்ல இருளப்பன்னு ஒருத்தன். ஊரே அவன வெகுளிம்பாங்க. ஒண்ணு சொன்னா அதை அப்படியே செய்வான், முன்னப்பின்ன யோசிக்க மாட்டான். அவன் பொஞ்சாதி பூவாயி கோயில் மேட்டுலதான் புள்ள பெத்தா. பெத்தவ வயித்துல ஒண்ணுமில்ல, புள்ளைக்குப் பால் எங்கருந்து வரும்? புள்ள அழுது, பூவாயி அழுது, இருளப்பனும் கூட உக்காந்து அழுதான்.

அப்பதான் கரட்டு மேலருந்து ஆளுங்க இறங்கி வந்தாங்க.

கரட்டு மேல கரட்டுப்பட்டின்னு ஒரு ஊரு. எல்லாம் கல்லு, கம்பும் கேழ்வரகும்தான் வெளையும், அதுவும் மனசு வந்தாத்தான். அந்த ஊர்ல சடச்சின்னு ஒருத்தி, கை பெருசு, வாயி அத விடப் பெருசு. கீழ இருந்து புள்ள அழற சத்தம் கேட்டு, "என்னங்கடி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, அண்டாவ எடுங்க" ன்னு அதட்டுனா. ஊரே சேந்து கூழு காச்சிருச்சு. யாரும் கேக்கல, யாரும் கூப்புடல, அவங்களா செஞ்சாங்க. கீழ வெறகெல்லாம் ஈரம், அதனால மேலயே காச்சி, வீட்டுக்கு ஒரு சட்டியில ஊத்தி, தலையில வச்சு இறக்கிக் கொண்டாந்தாங்க. வாங்கி வைக்க கீழ பாத்திரம் இல்லைல்ல, அதான் சட்டியோட குடுத்துட்டு, "நாளைக்கு வரும்போது எடுத்துக்கறோம்" ன்னு போயிட்டாங்க. பூவாயி குடிச்சா. மறுநாள் காலையில புள்ளைக்குப் பாலு ஊறுச்சு.

இங்கதான் வருது அந்த எழவெடுத்த மரியாதை.

ஓடக்கரையில ஒரு பழக்கம். ஒரு வீட்லருந்து பண்டம் வந்த பாத்திரத்த வெறுஞ்சட்டியா திருப்பித் தரக் கூடாது. ரெண்டு முறுக்காவது, ஒரு பிடி அரிசியாவது, ஒண்ணுமில்லைன்னா ரெண்டு வெத்தலையாவது போட்டுத்தான் குடுக்கணும். நல்ல பழக்கந்தான், நான் இல்லைங்கல. ஆனா வீடே ஆத்தோட போயிருச்சே, போடறதுக்கு என்ன இருக்கு?

மறுநாள் கரட்டுப்பட்டி ஆளுங்க கூழோட வந்து, "நேத்துச் சட்டி?" ன்னாங்க. ஓடக்கரைக்காரங்க தலையச் சொறிஞ்சுக்கிட்டு, "நாளைக்குத் தர்றோம்" ன்னாங்க. அதுக்கடுத்த நாள் வந்து, "சட்டி?" ன்னாங்க. "நாளைக்கு." மூணாம் நாளு வந்தாங்க, கேக்கவே கூச்சப்பட்டுக்கிட்டு நின்னாங்க. இவங்களே, "நாளைக்கு" ன்னுட்டாங்க. சட்டிய சேலைக்குள்ள மறைச்சு வச்சுக்கிட்டுச் சொன்னாங்க!

வாயத் தொறந்து, "தாயே, உங்க கூழுதான் எங்க உசுரு, போட்டுக் குடுக்க ஒண்ணுமில்ல, வெறுஞ்சட்டியா வாங்கிக்கங்க" ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுபோற சங்கதி. சொன்னாங்களா? இல்ல! கரட்டுப்பட்டிக்காரங்களாவது நல்லாக் கேட்டாங்களா? பசிச்சவங்ககிட்ட சட்டியக் கேட்டுச் சண்டை போடறதான்னு அவங்களும் வாய மூடிக்கிட்டாங்க. அங்கயும் அந்தப் பழக்கம் உண்டுதான், ஆனா வீடு போன சனங்க அத நெனச்சுக்கிட்டு இருப்பாங்கன்னு யாருக்குத் தோணும்? ரெண்டு ஊரும் மரியாதையா நின்னு நாசமாப் போச்சு.

கரட்டுப்பட்டியில முதல்ல சமையல் சட்டி தீந்துச்சு. அப்புறம் சாமிக்குப் பொங்க வைக்கிற சட்டி தீந்துச்சு. அப்புறம் பொண்ணுங்களுக்குச் சீரா வந்த பித்தளைத் தூக்கும் தீந்துச்சு.

இருளப்பன் ஒருத்தன் மட்டும் சட்டியத் திருப்பிக் குடுத்தான். வெறுஞ்சட்டி கூடாதுன்னா, வீட்ல இருக்கறதப் போட்டுக் குடுன்னுதானே அர்த்தம்? வீட்ல என்ன இருந்துச்சு? சேறு. சட்டி நெறைய வண்டலை அள்ளி, மேல ஒரு எலையப் போட்டு மூடி, குடுத்துட்டு ஓடிப் போயிட்டான். மேல போயி சடச்சி தொறந்து பாத்தா. ஏ அப்பா, அவ கத்துன கத்துல கரட்டுல இருந்த காக்கா எல்லாம் பறந்துச்சாம். "கூழு குடுத்தவளுக்குச் சேறாடா? எவன்டா அவன்?" ன்னு அடுப்புக்குப் பின்னாடி, பூசணி அரிஞ்ச குப்பையில கொட்டுனா. இந்தச் சேதி கீழ வந்ததும் ஓடக்கரைக்காரங்க இன்னும் கொஞ்சம் வெக்கப்பட்டாங்க. இன்னும் கொஞ்சம் மறைச்சாங்க.

இதைப் பாத்துக்கிட்டே இருந்தாரு பொன்னுரங்கம். மெதுவாக் கதவத் தொறந்து, தேனொழுகப் பேசுனாரு. "ஏம்ப்பா சங்கடப்படறீங்க? எல்லாச் சட்டியையும் நம்ம வீட்ல கொண்டாந்து வைங்க. ஆளுக்கு ஒரு படி நெல்லு போட்டு நானே அனுப்பறேன். உங்க மானம் என் மானம் இல்லையா?" ன்னாரு.

நம்புனாங்க. அன்னிக்கு ஜன்னல் வழியா பேசுன மனுசன நம்புனாங்க! இதுங்கள என்ன சொல்றது? அத்தனை சட்டியும் அவரு முற்றத்துக்குப் போச்சு. நெல்லும் போடல, சட்டியும் அனுப்பல. பித்தளையாப் பொறுக்கித் தனியா வச்சுக்கிட்டாரு.

அடுத்த நாள் மேல அண்டா நெறையக் கூழு கொதிக்குது, இறக்க ஒரு சட்டி இல்ல. கீழ கெழவன் கெழவி, புள்ளத்தாச்சி, சின்னப் புள்ளைங்க, யாரு கரடேறுவா? ஏற முடிஞ்சவங்களுக்கும் வெக்கம். பொழுது உச்சிக்கு வந்துருச்சு. பூவாயி புள்ள மறுபடி அழ ஆரம்பிச்சுருச்சு. சடச்சிக்கு அந்த அழுகை மேல வரைக்கும் கேக்குது. "இனி மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது" ன்னு முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு இறங்கி வந்தா.

அதே நேரத்துல ராசாவும் வந்தாரு. வெள்ளம் வந்தப்ப வரல, தண்ணி வடிஞ்சு, பாதை காஞ்சு, குதிரைக் காலுல சேறு ஒட்டாதுன்னு தெரிஞ்சப்பறம் வந்தாரு. கூட ஒரு பல்லக்கும் வந்துச்சு. "இந்த ஊருக்குச் சோறு போட்டவங்க யாரு? அவங்களுக்கு இந்தப் பல்லக்கு" ன்னு தண்டோரா போட்டாங்க.

பொன்னுரங்கம் குதிச்சு முன்னாடி வந்து, "மகாராசா, நான்தான்! பாருங்க, என் முற்றத்துல எத்தனை சட்டி! ஊரு முழுக்க இதுலதான் ஊத்துனேன்" ன்னாரு.

ராசா சனங்களப் பாத்து, "அப்படியா?" ன்னாரு. சனங்க தரையப் பாத்தாங்க. நாளைக்கு வெத நெல்லுக்கு அவருகிட்டத்தானே போயி நிக்கணும்? மறுபடி, "அப்படியா?" ன்னாரு. ஒருத்தரும் பேசல. மூணாவது தடவை, "அப்படியா?" ன்னாரு. ஏ கதிரு, உம் கொட்டு! நீயும் அந்த ஊர்க்காரனா?

சடச்சி வந்து நின்னா. முற்றத்துல அவ வீட்டுச் சட்டி, அவ நாத்தனா தூக்கு, அவ ஊரு அண்டாவோட மூடி எல்லாம் கெடக்கு. கத்தத்தான் வாயத் தொறந்தா. பூவாயி புள்ள அழற சத்தம் கேட்டுச்சு. தொறந்த வாய மூடிக்கிட்டு யோசிச்சா, கும்புட்டா.

"ஆமா மகாராசா, இவருதான். தர்மப் பிரபு. ஆனா இன்னிக்கு இன்னும் ஊத்தல. உச்சிப் பொழுதாச்சு, சனம் காஞ்சு கெடக்கு, உங்க ஆளுங்களும் பசியாத்தான இருப்பாங்க. சட்டியெல்லாம் கழுவி ரெடியா இருக்கு பாருங்க. களஞ்சியத்தத் தொறந்து ஒல வைக்கச் சொல்லுங்க" ன்னா.

"நல்லது, தொறங்க!" ன்னாரு ராசா.

பொன்னுரங்கத்துக்கு வேர்த்துருச்சு. ராசா முன்னாடி மாட்டேன்னு சொல்ல முடியுமா? தொறந்தாரு. சனங்க நெல்லக் குத்தினாங்க, அரிசியாச்சு. ராசா, "நீயே வை, உன் கையாலதானே இத்தனை நாளும் ஊத்துன" ன்னாரு. மனுசன் பொறந்ததுல இருந்து அடுப்புப் பக்கம் போனதில்ல. தண்ணி எவ்வளவுன்னு தெரியல, கம்மியா ஊத்துனாரு. கிண்டணும்னு தெரியல, பாத்துக்கிட்டு நின்னாரு. அடி பிடிச்சுருச்சு. தீஞ்ச வாடை ராசா மூக்குக்கே போச்சு.

"ஏம்ப்பா, ஊருக்கே ஊத்துனவனுக்கு ஒல வைக்கத் தெரியலையே?"

அப்ப இருளப்பன் முன்னாடி வந்துட்டான். அவனுக்குத்தான் முன்னப்பின்ன யோசிக்கத் தெரியாதே. "மகாராசா, ஊத்துனது இவரு இல்ல. இந்தக்கா. மேல இருக்கற ஊரு. என் புள்ள உசுரோட இருக்கறது இவங்களாலதான். வெறுஞ்சட்டி குடுக்க வெக்கப்பட்டுக்கிட்டு நாங்க ஒருத்தரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லல. சட்டியையும் குடுக்கல. நான் மட்டும் குடுத்தேன், சேறு போட்டு" ன்னு சொல்லிட்டு ஓன்னு அழுதான். அவன் அழுததும் ஊரே அழுதுச்சு.

சடச்சி தலையில கைய வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டா. "அடப் பாவிகளா! இதுக்காடா? இதுக்காடா? இதுக்காடா என் சீர்த்தூக்கு வரைக்கும் ஒளிச்சு வச்சீங்க? எங்களுக்கு முறுக்கா வேணும்? நாங்க உங்களத் திருடங்கன்னு நெனச்சோமே!" ன்னு திட்டுறா, திட்டிக்கிட்டே அழுவுறா, பக்கத்துல நின்ன கெழவிய இழுத்துக் கட்டிக்கிட்டு மறுபடி திட்டுறா.

ராசா பொன்னுரங்கத்தப் பாத்தாரு. "ஊருக்குச் சோறு போட்டது நான்தான்னு என்கிட்ட சொல்லிட்ட. ராசாகிட்ட சொன்னது பொய்யாகக் கூடாது. அடுத்த அறுப்பு வரைக்கும் உன் களஞ்சியத்துலருந்து நீயே போடு, உன் கையாலயே காச்சு. தீஞ்சா மொதச் சட்டி உனக்கு" ன்னாரு. அப்புறம் சடச்சிக்குப் பல்லக்கக் குடுத்தாரு.

"எனக்கெதுக்குய்யா பல்லக்கு, கரட்டுல ஏறுமா அது?" ன்னா சடச்சி. அப்ப ஓடக்கரைக்காரங்க எல்லாம் முற்றத்துல கெடந்த சட்டிய எடுத்துக் கையில வச்சுக்கிட்டு, "போட்டுக் குடுக்க இப்பவும் ஒண்ணுமில்லையே தாயே" ன்னு நிக்கிறாங்க. சட்டுனு அவளுக்கு அடுப்புக்குப் பின்னாடி நேத்துப் பாத்தது ஞாபகம் வந்துச்சு. சேத்தக் கொட்டுன எடத்துல பூசணி வெத மொளைச்சு, கல்லுக் காட்டுல எவளும் கண்டிராத பச்சையில நாலு எல விட்டுருந்துச்சு.

"டேய் இருளப்பா, உன் வீட்ல இன்னும் அந்தச் சேறு இருக்கா?"

"முழங்கால் அளவு இருக்குக்கா."

"அதப் போட்டுக் குடுங்கடா! எல்லாச் சட்டியிலயும் போடுங்க. பல்லக்குலயும் அள்ளிப் போடுங்க!"

போட்டாங்க. ஊரே சட்டிச் சட்டியா வண்டலச் சொமந்து கரடேறுச்சு. பல்லக்கு நெறைய சேறு, ஒரு கொம்ப ராசா ஆளு தூக்க, இன்னொரு கொம்பப் பொன்னுரங்கம் தூக்கினாரு. தூக்கித்தானே ஆகணும்! மேல போயி ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் சட்டிய எறக்கி, வாயத் தொறந்து, "உங்க கூழுதான் எங்க உசுரு" ன்னு சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்கு இத்தனை நாளு!

தை பொறந்ததும் கரட்டுப்பட்டியில பூசணி காச்சுச்சு. அதை அந்தச் சட்டியிலயே வச்சு கீழ அனுப்புனாங்க. வெறுஞ்சட்டி கூடாதுல்ல, கீழருந்து அறுத்த நெல்லப் போட்டு மேல அனுப்புனாங்க. மேலருந்து கம்பு வந்துச்சு. இன்னும் அந்தச் சட்டிங்க மேலயும் கீழயும் போயிக்கிட்டுத்தான் இருக்காம். யாரு சட்டி யாருதுன்னு இப்ப ஒருத்தருக்கும் தெரியாதாம்.

அதனால புள்ளைங்களா, ஒருத்தரு பசிக்குப் போட்டா, போடறதுக்கு நம்மகிட்ட ஒண்ணுமில்லைன்னாலும் சட்டியக் கழுவி, நேரா மொகத்தப் பாத்து நல்ல வார்த்தை சொல்லிக் குடுத்துரணும்.

கூழு தீந்துச்சு, கதையும் தீந்துச்சு, சட்டி மட்டும் பாக்கி. மழையில அடுப்பு அணைஞ்சப்ப நமக்குச் சாம்பார் குடுத்த எதிர்வீட்டுக்காரி சட்டி அது, மூணு நாளா கெடக்கு. உம் கொட்டாதவன் எந்திரி. எந்திரிடா கதிரு!