நிறுத்தியும் நிற்காத டீசல் வண்டி

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் இரண்டு கண்ணும் அவிந்துபோகட்டும். ஒரு கண் ஏற்கெனவே அவிந்துதான் கிடக்கிறது. அது வேறு கதை.

கரட்டடியில் ஒரு மடம். தலைவி நாச்சாத்தாள். மடத்து நிலத்தை உழுகிறவர் செங்கோடன், அவளைவிட இருபது வயது மூத்த சீடர்.

மடத்தில் இரண்டு கிழட்டு டிராக்டர்கள். ஒன்று பெட்ரோல், ஒன்று டீசல். இரண்டையும் வைத்துத் தீனி போட மடத்துக்கு வக்கில்லை.

"எதை வெச்சுக்கறதுங்க தாயே?"

"நீங்க சொல்லுங்கண்ணா."

"டீசல்தானுங்க. இழுவை அதிகம், குடி கம்மி. பெட்ரோல் வண்டி நோஞ்சான். சாவியைத் திருப்புனா கிளம்பிரும், மேட்டைக் கண்டா அழுவும்."

"நிறுத்தினா நிக்கறது எதுங்க?"

செங்கோடன் சிரித்தார். "ஓடறது எதுன்னுதான் ஊருல கேப்பாங்க. நிக்கறதை யாருங்க கேக்கறாங்க?"

அவள் சிரிக்கவில்லை. "தம்பி சாவுக்குப் போகலீங்களா?"

அவர் சிரிப்பு போய்விட்டது.

தம்பி மாரப்பன் செத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பொதுக்கிணற்றுத் தண்ணீரை அண்ணன் வயலுக்கு விடாமல் அடைத்தவன். ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. வயல் காய்ந்த பிறகுதான் செங்கோடன் மடத்துக்கு வந்தார்.

"அவன் போய்ச் சேந்தா ஆறிரும்னு இருந்தேனுங்க. போயிட்டான். ஆறலை. செத்தவனைத் திட்டிட்டே ஏர் ஓட்டறேன். நான் என்ன பண்ணட்டும்?"

"டீசல் வண்டியைக் கிளப்புங்க. பாக்கலாம்."

கிளப்பினார். கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. பிறகு, யாரும் தொடாமலே, உறுமத் தொடங்கியது. உறுமல் ஏறிக்கொண்டே போனது. கரும்புகை கரட்டையே மூடியது. உச்சி வெயிலில் காக்கைகள் கூட்டுக்குத் திரும்பின. வௌவால்கள் வெளியே கிளம்பின. ஒன்று, மடத்துத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் தோளில் வந்து உட்கார்ந்தது.

"நிறுத்துங்கண்ணா."

நிறுத்தும் கம்பியை இழுத்தார். நிற்கவில்லை.

டீசல் டேங்க்கின் குழாய்த் திருகை மூடினார். நிற்கவில்லை.

குழாயையே கழற்றி எறிந்தார். ஒரு சொட்டு டீசல் இல்லாமல், முன்னைவிட வேகமாக ஓடியது.

"எல்லாத்தையும் அடைச்சுட்டேனுங்க தாயே. இன்னும் ஓடுதே."

நாச்சாத்தாள் தோளில் கிடந்த காவித் துண்டைச் சுருட்டினாள். காற்று இழுக்கும் குழாயின் வாயில் திணித்தாள்.

எஞ்சின் ஒருமுறை விக்கியது. நின்றது.

செங்கோடன் எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். துடைக்க வேண்டியிருக்கவில்லை. காய்ந்து கிடந்தது.

"என்னங்கண்ணா?"

"டீசல் இல்லாதப்ப, வயித்துக்குள்ள இருக்கற ஆயிலையே குடிச்சுட்டு ஓடியிருக்குங்க. உள்ளே ஒண்ணும் மிச்சமில்லை. எல்லாம் தேஞ்சு போச்சு."

"எத்தனை வருஷமாங்க?"

செங்கோடன் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பது வருஷமாங்க தாயே."

அந்த டிராக்டர் மடத்துக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

நான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். செங்கோடன் இன்னும் அந்தப் பக்கம்தான் நடமாடுகிறார். யாராவது கேட்டால், வௌவால் சொன்னது என்று சொல்லுங்கள்.