பத்தடிக்கு ஓரடி

மழை இரவில் கட்டிலுக்கடியில் களக் களக்கென்று சத்தம். கான்ட்ராக்டர் தனபால் வெட்டிய சாக்கடை வாய்க்காலின் தண்ணீர் உள்ளே வந்திருந்தது. போன வருஷம் அது தந்த காய்ச்சலில்தான் மூத்தவள் செலின் போனாள். இப்போது எனக்குக் கைக்குழந்தை மட்டும்.

விடிந்ததும் வாய்க்காலைத் திருப்பச் சொல்லித் தனபாலிடம் போனேன்.

“உன் வாசல்தான் மேடு. கான்வென்ட்டுல படிச்சவளாச்சே, பள்ளம்னு நிரூபி, வாய்க்காலைத் திருப்புறேன்” என்று சிரித்தார்.

“ரெண்டு புள்ளி போதும், சார்.”

அவருடைய கொத்தனாரிடமே மட்டம் பார்க்கும் நீர் நிரப்பிய குழாயை வாங்கினேன். ஒரு முனையை வாய்க்காலருகே தனபால் பிடித்தார், மறுமுனையை என் வாசலில் நான் பிடித்தேன். இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நின்றது. அதிலிருந்து தரை அங்கே ஓரடி கீழே, இங்கே மூன்றடி கீழே. நடுவில் இருபதடி தூரம்.

“பத்தடிக்கு ஓரடி இறக்கம், சார்.”

“குழாய் தப்பாக் காட்டும்மா.”

“இதை வச்சுத்தானே உங்க மாடியைக் கட்டினாங்க? இனி மேலே ஏறாதீங்க, சார்.”

கொத்தனார் சிரித்துவிட்டார். சாயங்காலம் வாய்க்கால் திரும்பியது, ஒரு வருஷம் பிந்தி.

அன்று இரவும் மழை. தண்ணீர் வந்தால் பிள்ளையோடு ஓடுவதற்காக மழை இரவுகளில் திறந்தே வைத்திருந்த கதவை அழுதுகொண்டே உள்ளிருந்து தாழிட்டேன்.