இடுப்பில் இருந்த அரிவாள்

மலையில் வழி தவறியவர்களைத் தேடிப் போகும் ஆட்களுக்குத் திசை பார்க்கச் சொல்லித் தருபவள் நஞ்சம்மாள். வயது நாற்பது. அவளிடம் சீடராக வந்து சேர்ந்த சென்னியப்பனுக்கு ஐம்பத்தாறு. சர்வே இலாகாவில் முப்பது வருடம் காம்பஸும் கையுமாக இருந்தவர். இங்கே அவர் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று மற்ற சீடர்களுக்குப் புரியவில்லை.

நஞ்சம்மாளுக்குப் புரிந்திருந்தது. போன ஐப்பசியில் அவருடைய தங்கை புருஷன் திருமூர்த்தியின் உடலைப் பள்ளத்திலிருந்து தூக்கி வந்தவர்களில் அவளும் ஒருத்தி.

அன்று இருவரும் மலைக்கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது நடுப்பகலிலேயே மூடுபனி இறங்கிவிட்டது. சென்னியப்பன் காம்பஸைப் பார்த்தபடி முன்னால் நடந்தார். திருமூர்த்தி பின்னால் வந்தான். பாதை இருக்க வேண்டிய இடத்தில் பாறை முடிந்துபோயிருந்தது. சறுக்கிய சென்னியப்பனைப் பிடித்து மேலே இழுத்துவிட்டவன், தான் கால் வழுக்கிக் கீழே போனான்.

காம்பஸ் பழுது என்று சாவு வீட்டில் சொன்னார் சென்னியப்பன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆறு மாதம் அவள் சொன்ன வேலையெல்லாம் செய்தார். கேள்வி கேட்கவில்லை. ஒருநாள் காலையில் கேட்டார்.

"காம்பஸ் பொய் சொல்லுமாங்க, அம்மா?"

"வெச்சிருக்கீங்களா?"

மடியிலிருந்து எடுத்தார். அன்று கையில் இருந்த அதே காம்பஸ்.

நஞ்சம்மாள் அவரைப் புல்வெளிக்குக் கூட்டிப்போனாள். காம்பஸைத் தட்டையாகப் பிடிக்கச் சொன்னாள். முள் ஆடி அடங்கியது.

"வடக்கு சரியா இருக்குதுங்களா?"

வடக்கே நின்ற மொட்டைப் பாறையைப் பார்த்தார். முள் அதற்கு நேராக நின்றது.

"சரியாத்தான் இருக்குதுங்க."

"அன்னைக்குப் பிடிச்ச மாதிரி பிடிங்க."

கையைக் கீழே இறக்கி, வயிற்றை ஒட்டிப் பிடித்தார்.

"இடுப்புல என்ன இருந்தது?"

அவருடைய இன்னொரு கை, அரிவாள் செருகும் இடத்துக்குப் போனது. நஞ்சம்மாள் தன் அரிவாளை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது அவருக்கு. வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

முள் மொட்டைப் பாறையை விட்டு விலகியது. அரிவாள் இருந்த பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"முப்பது வருஷம் சர்வே பார்த்தவருக்கு இது தெரியாதுங்களா?"

"தெரியும்."

காற்று புல்லைத் தடவிக்கொண்டு போனது. அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"மாப்பிள்ளையும் சொன்னாருங்க. 'பாதை ஓடையோரமாத்தானே, ஓடைச் சத்தம் எட்டிப் போகுது மச்சான், அரிவாளை அக்கட்டால வெச்சுட்டு இன்னொருக்கா பாருங்க'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மாடு மேய்க்கிறவரு எனக்குக் காம்பஸ் பார்க்கச் சொல்லித் தர்றீங்களான்னு சிரிச்சேன்."

"அதுக்கு அவரு?"

"ஒண்ணும் சொல்லலைங்க. பேசாம என் பின்னாடி வந்தாரு."

நஞ்சம்மாள் மொட்டைப் பாறையைப் பார்த்தாள். அவள் திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"என் தங்கச்சி நேத்து மறுபடியும் கேட்டாளுங்க. 'காம்பஸ் தப்பே போகாதுன்னு சொல்லுவியே அண்ணா, அன்னைக்கு மட்டும் எப்படிப் போச்சு'ன்னு. பழுதுன்னு சொல்லி வெச்சதையே இனியும் சொல்லட்டுங்களா? உண்மை தெரிஞ்சு இனி அவளுக்கு என்ன ஆகப்போகுது?"

நஞ்சம்மாள் கையை நீட்டி அரிவாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"பழுதுன்னே சொல்லுங்க. உங்க தங்கச்சி மறுபேச்சுப் பேச மாட்டாங்க. அன்னைக்கு அவங்க வீட்டுக்காரரும் பேசலை."