நிஷாகந்தியும் நிழல்வாங்கியின் பெட்டியும்

முன்னொரு காலத்தில், ராத்திரிகள் இப்போது இருப்பதைவிட இருட்டாக இருந்த காலத்தில், நிலாமேடு என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அரண்மனைக்குப் பின்னால் ஒரு தோட்டம். பகலில் அதில் பார்க்க ஒன்றுமில்லை, வெறும் பச்சை. பொழுது சாய்ந்தால்தான் அதற்கு உயிர் வரும். குளத்தில் அல்லி விரியும். மதிலோரம் பவளமல்லி விரியும். கிணற்றடியில் நிஷாகந்தி விரியும். அதன் மொட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ராத்திரிதான்.

தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் இரண்டு சகோதரிகள். மூத்தவள் உமையாள், இளையவள் தேனம்மை. அந்தி சாய்ந்தபின் ஒரு செடியைத் தொட வேண்டுமென்றால் மண்ணில் மூன்று முறை விரலால் தட்டுவார்கள். "தாயே, முழிச்சிருக்கியா? தொடப்போறேன்" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார்கள். இருட்டிய பிறகு செடி தூங்கும், சொல்லாமல் தொடக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம்.

"ராத்திரிப் பூச்செடி ராத்திரியில தூங்குமாடி?" என்று சமையற்கட்டுப் பெண்கள் கேலி செய்வார்கள்.

"தூங்குதோ முழிச்சிருக்கோ, கேட்டுட்டுத் தொட்டா உங்களுக்கு என்ன கொறஞ்சுபோச்சு?" என்பாள் உமையாள்.

ஒரு நாள் அந்த ஊருக்கு ஒரு மந்திரவாதி வந்தான். அவனிடம் மூன்று கால் வைத்த கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. பெட்டிக்கு முன்பக்கம் ஒரு கண்ணாடிக் கண். அவன் மேல் எந்த வாசனையும் இல்லை. வெயிலில் நடந்து வந்தவன் மேல் வியர்வை நாற்றம்கூட இல்லை. நாய்கள் அவனை முகர்ந்து பார்த்துவிட்டு, அங்கே யாருமே இல்லாததுபோல் குழம்பிப் போய் நின்றன. பெட்டி எதிரில் இருப்பதன் நிழலை வாங்கிக்கொள்ளும் என்று அவன் சொன்னதால், ஊர் அவனுக்கு நிழல்வாங்கி என்று பேர் வைத்தது.

அவன் முதலில் எடுத்தது ராஜா இளவழுதியின் படத்தை. ஒரு தட்டில் வெள்ளைப் பொடியைக் கொட்டி, நெருப்பு வைப்பதற்கு முன் மெல்லச் சொன்னான்:

"அசையாதே, அசையாதே, கண்ணை மூடாதே."

பளீரென்று ஒரு வெளிச்சம். கண்ணாடித் தகட்டில் ராஜா இருந்தான், இமை மயிர் உட்பட. ஊரே வாய் பிளந்தது. அன்று சாயங்காலம் சூரியன் மறைந்த நொடியில் ராஜா சாப்பாட்டின் முன்னால் அப்படியே தூங்கிப்போனான். கையில் பிசைந்த சோறு இருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்குப் பிறகு அவன் ராத்திரியைப் பார்க்கவே இல்லை. வைத்தியர்கள் வந்தார்கள், போனார்கள். பெட்டியையும் தூக்கத்தையும் யாரும் சேர்த்து யோசிக்கவில்லை.

அதே நாட்களில் ஊரில் ஒரு பேச்சும் கிளம்பியது. மூன்று பேராய் நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்பவர் செத்துப்போவார் என்று. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் நம்பினார்கள்.

"என் தோட்டத்துப் பூவை இனிமே நான் எப்படிப் பார்ப்பேன்?" என்று ராஜா வருந்தினான்.

"நான் எதுக்கு இருக்கேன் மகாராஜா?" என்றான் நிழல்வாங்கி.

முதலில் குளத்தங்கரைக்குப் போனான். அசையாதே, அசையாதே, கண்ணை மூடாதே. குளத்து அல்லி மொத்தமும் படமாகி ராஜாவின் சுவரில் தொங்கியது. மறுநாள் குளத்தில் ஓர் அல்லியும் விரியவில்லை. பிறகு மதிலோரம் போனான். அசையாதே, அசையாதே, கண்ணை மூடாதே. மறுநாள் விடிகாலையில் பவளமல்லி மரத்தடி வெறும் மண்ணாய்க் கிடந்தது. தோட்டத்திலிருந்து வாசனை ஒவ்வொன்றாய்ப் போயிற்று. ராஜாவோ பகலெல்லாம் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

ராஜா கெட்டவனா? இந்தக் கதையில் இந்த இடம் வரும்போதெல்லாம் நான் நின்றுவிடுகிறேன். பார்க்க ஆசைப்பட்டான், அவ்வளவுதான். ஆனால் படம் எதிரில் இருந்தபோது, செடி என்ன ஆயிற்று என்று போய்ப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. அதை என்ன பேர் சொல்லி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கதை போகட்டும்.

மூன்றாவதாக நிழல்வாங்கி கிணற்றடிக்கு வந்தான். நிஷாகந்தியில் இரண்டு மொட்டுகள் இருந்தன. ஒன்று அன்று விரிந்தது. காற்றில் அது ஆடிக்கொண்டே இருந்தது.

"ஏ பொண்ணே, காம்பை அசையாம பிடி" என்றான் தேனம்மையிடம்.

அவள் மண்ணில் தட்டக் குனிந்தாள்.

"என்ன விளையாட்டு இது? பூ வாடிப்போகுது, பிடி!"

அவன் போட்ட அதட்டலில் அவள் கேட்காமலே பிடித்துவிட்டாள். பளீரென்று வெளிச்சம் வந்தது.

வீட்டுக்கு வந்தவள் மல்லிகைச் சரத்தை முகர்ந்துவிட்டு, "அக்கா, இதுல வாசனையே இல்லையே" என்றாள். பிறகு அவள் கண்கள் மூடவில்லை. பிறகு பேச்சும் நின்றது. சுவரில் சாய்ந்து, திறந்த கண்களோடு உட்கார்ந்திருந்தாள். மூச்சு மட்டும் இருந்தது. உமையாள் கையால் இமையை மூடினால், கையை எடுத்ததும் அது திறந்துகொண்டது.

உமையாள் அரண்மனைக்கு ஓடினாள். சுவரில் அந்தப் படம் இருந்தது. பூவின் காம்பைப் பிடித்தபடி தேனம்மை. உமையாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படத்திலிருந்த தேனம்மை கண்ணைச் சிமிட்டினாள். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. ஆனால் "அக்கா" என்ற சொல்லுக்கு உதடு எப்படித் திறக்கும் என்று உமையாளுக்குத் தெரியும்.

இரண்டு காவலாளிகளை அழைத்துக்கொண்டு நிழல்வாங்கியின் அறைக்குப் போனாள். மூவரும் வாசலில் நின்றார்கள். பெட்டியின் கண் அவர்களைப் பார்த்தபடி இருந்தது.

"ஐயையோ! மூணு பேரா நிக்காதீங்க!" என்று அலறிய நிழல்வாங்கி, பாய்ந்து வந்து துணியை எடுத்துப் பெட்டியின்மேல் போர்த்தினான். காவலாளிகள் வெளியே ஓடிப்போனார்கள். அவர்கள் போனதும் அவன் சிரித்தான்.

"தங்கச்சிக்காக வந்தியா? ஒரு பூ எனக்கு ஒரு ராத்திரி ஆயுசு. மனுஷின்னா அவ வாழ்நாள் ராத்திரி மொத்தமும். ராஜா எனக்குப் படியளக்கிறவன், அதனால அவன்கிட்ட ராத்திரியை மட்டும் எடுத்துட்டு ஆளை விட்டேன். வர்ற அமாவாசைக்குப் படத்தைக் கழுவப்போறேன். கழுவிட்டா அப்புறம் அவ எங்கேயும் போக மாட்டா. போய் அழு, போ."

உமையாள் கிணற்றடிக்கு வந்து அழுதாள். அழுதபடியே பழக்கத்தில் மண்ணில் தட்டினாள். "தாயே, முழிச்சிருக்கியா?"

"முழிச்சுத்தான் இருக்கேன். பசியில எங்க தூக்கம்?" என்றது ஒரு குரல்.

செடி பேசவில்லை. இலையடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாம்பல் நிற விட்டில் பூச்சி உட்கார்ந்திருந்தது.

"அல்லித் தேன் போச்சு, பவளமல்லித் தேன் போச்சு. மிச்சம் இந்த ஒரு மொட்டு. நீ எதுக்கு அழுவுற? உனக்குச் சோறாவது கிடைக்குது."

உமையாள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"விட்டிலே, அவன் எங்க உயிருக்குப் பயந்திருந்தா எங்களைத்தானே தள்ளியிருக்கணும்? பெட்டியை எதுக்கு மூடினான்?"

"அதானே?"

"இன்னொண்ணு. அந்தப் பெட்டி வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல படமே கிடையாது. படமே இல்லாத ஊர்ல மூணு பேரா நின்னு படம் எடுக்கக் கூடாதுன்னு எந்தப் பெரியவங்க சொல்லியிருக்க முடியும்? அவனேதான் கிளப்பிவிட்டிருக்கான்."

விட்டில் இறகை விரித்து மூடியது. "ராத்திரி அந்தப் பெட்டி மேல உக்காந்திருக்கேன். உள்ளே ரெண்டு கை பிராண்டுற சத்தம் கேக்கும். ரெண்டே கைதான்."

"அப்போ மூணாவதைப் பிடிக்க அதுக்குக் கை இல்லை" என்றாள் உமையாள். "பூ ஒண்ணு. நான் ஒண்ணு. நீ வர்றியா?"

"வெளிச்சத்தைப் பார்த்தா எனக்குப் புத்தி நிக்காதே அம்மா. நேரா நெருப்புல போய் விழுவேன்."

"கண்ணை மூடிக்கோ."

"விட்டிலுக்கு ஏது இமை?"

விட்டில் மொட்டை ஒரு முறை சுற்றி வந்தது. பிறகு விட்டில் சொன்னது: "தேன் குடிக்கும்போது மட்டும் எனக்கு எதுவும் தெரியாது. பூ முழுசா விரியட்டும். அதுக்கு முன்னாடி அவன் நெருப்பு வச்சான்னா நான் போயிருவேன். நீயும் போயிருவே."

அமாவாசை வந்தது. கடைசி மொட்டு வெளுத்துத் தடித்திருந்தது. உமையாள் நிழல்வாங்கியிடம் போனாள்.

"அவளை விட்டுரு. என்னை எடுத்துக்க. நானே காம்பைப் பிடிக்கிறேன்."

ஒருத்தியை விட்டு ஒருத்தியை எடுப்பதாக அவனுக்கு எண்ணமே இல்லை. இரண்டு பேரின் ராத்திரியும் தனக்கே என்று நினைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிவந்தான். உமையாளின் கொண்டைக்குப் பின்னால் விட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் மண்ணில் மூன்று முறை தட்டினாள். "தாயே, முழிச்சிருக்கியா? தொடப்போறேன்."

இதழ் ஒன்று விரிந்தது. நிழல்வாங்கி பொடியைக் கொட்டினான். "அசையாதே..."

இன்னும் பாதிதான் விரிந்திருந்தது. விட்டிலின் கால்கள் அவள் பிடரியில் நடுங்கின.

"அசையாதே..."

"என் கண்ணுல தூசி விழுந்துருச்சு, கொஞ்சம் பொறு" என்றாள் உமையாள்.

"துடைச்சுத் தொலை!"

அவள் மெல்லத் துடைத்தாள். மெல்ல, மெல்லத் துடைத்தாள். கடைசி இதழ் திறந்தது. வாசனை கிளம்பியது. எத்தனையோ நாட்களாய் வாசனையே இல்லாமல் கிடந்த தோட்டத்தில் அது ஒரு கூப்பாடுபோல் எழுந்தது. விட்டில் அவள் தோளைத் தாண்டிப் பறந்தது.

"கண்ணை மூடாதே!" என்று நெருப்பு வைத்தான் நிழல்வாங்கி.

பளீரென்ற வெளிச்சத்தில் விட்டில் ஒரு நொடி நெருப்பின் பக்கம் திரும்பியது. பிறகு அது பூவில் தலையைப் புதைத்து, சாம்பல் இறகுகளை இருபுறமும் விரித்துக் குடிக்கத் தொடங்கியது.

பூ, பெண், விட்டில்.

பெட்டிக்குள் ஏதோ முறிந்தது. நகங்கள் மரத்தைப் பிராண்டின. ஒரு கை பூவை எட்டியது, ஒரு கை பெண்ணை எட்டியது, மூன்றாவதைப் பிடிக்க முதலாவதை விட்டது, முதலாவதைப் பிடிக்க இரண்டாவதை விட்டது. பிறகு பெட்டி வெடித்தது. உள்ளிருந்து ராத்திரிகள் ஒவ்வொன்றாய் வெளியே வந்தன. அல்லி வாசனையோடு ஒன்று, பவளமல்லி வாசனையோடு ஒன்று. "நில்லுங்க, நில்லுங்க" என்று நிழல்வாங்கி அவற்றைத் துரத்தினான். ஒவ்வொன்று போகும்போதும் அவன் கொஞ்சம் வெளுத்தான். கடைசியில் அவன் இருந்த இடத்தில் புல்லில் ஒரு கண்ணாடித் தகடு மட்டும் கிடந்தது. அதில் எதுவுமே இல்லை.

உமையாள் வீட்டுக்கு ஓடினாள். தேனம்மை கண்ணை மூடி, வாயைத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே உமையாள் விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

அரண்மனையில் ராஜா விழித்துக்கொண்டான். சுற்றிலும் ராத்திரி. சுவரில் படங்கள் இல்லை. மறுநாள் உமையாளை அழைத்து, "என்ன வேணும், கேள்" என்றான்.

"தோட்டத்துல யார் எதைத் தொட்டாலும் கேட்டுட்டுத் தொடணும். நீங்களும்தான், மகாராஜா."

"அவ்வளவுதானா?"

"செஞ்சு பாருங்க. அது சின்ன விஷயமான்னு அப்புறம் சொல்லுங்க."

அன்று இருட்டியதும் ராஜா குளத்தங்கரைக்கு வந்து மண்டியிட்டான். மண்ணில் மூன்று முறை தட்டினான். "தாயே, முழிச்சிருக்கியா?" என்று கேட்டான். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தண்ணீரின் மேல் ஓர் அல்லி விரிந்தது. ராஜா அதைத் தொடவில்லை.

பெட்டி உடைந்துபோயிற்று. ஆனால் நிழல்வாங்கி கிளப்பிவிட்ட பேச்சு உடையவில்லை. இன்றைக்கும் மூன்று பேராய் நின்று படம் எடுக்கத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களை யாராவது தனியாக நிற்கச் சொல்லி, அசையாதே என்றால், சட்டென்று இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் ஒரு பூவும் ஒரு விட்டிலும் போதும்.